கடைசிப் பக்கம் கிடைக்குமிடம்

"உங்க புத்தகத்துல கடைசிப் பக்கம் இல்லைங்க."

வணக்கம் கிடையாது, யார் பேசுகிறார் என்பது கிடையாது. எடுத்த எடுப்பில் இதுதான். காலையிலிருந்து எத்தனையாவது போன் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

"இருக்குங்க. நாவலே அங்கதான் முடியுது."

"எங்க முடியுது? 'விரலை அழைப்பு மணியின் மேல் வைத்து'ன்னு இருக்கு. வச்சு? வச்சு என்ன பண்ணான்?"

"அதோட சரிங்க. ஆசிரியர் வேணும்னேதான் அப்படி விட்டிருக்கார்."

"அவர் வேணும்னே விட்டாரா? அப்ப நானும் வேணும்னே இதைக் கடையில திருப்பிக் குடுக்கறேன்."

வைத்துவிட்டார். எனக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

நான் ஒரு பதிப்பகம் நடத்துகிறேன். சோதனை முயற்சியாக எழுதப்படும் புனைகதைகளை மட்டும் போடுகிறேன். பதிப்பகம் என்றதும் கண்ணாடிக் கதவு, வரவேற்பு மேசை என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. அதன் முன்னறைதான் பதிப்பகம். மூன்று பேர் உட்காரும் சோபாவில் இரண்டு இடத்தைப் புத்தகப் பெட்டிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் உறவினர்கள் எங்கள் வீட்டுக்கு ஜோடியாக வருவதில்லை. அந்த வகையில் இலக்கியம் எனக்கு நன்மையும் செய்திருக்கிறது.

கதாநாயகன் அடிக்குறிப்பில் மட்டுமே வரும் நாவல் ஒன்று போட்டிருக்கிறேன். மனிதர்களே இல்லாமல் ஒரு காலி வீட்டின் அறைகளை மட்டும் சொல்லிக்கொண்டு போகும் நாவல் ஒன்று. இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று என் நாத்தனார் கேட்பார். படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். குறைவு, அவ்வளவுதான். அவர்கள் யாரும் எனக்குப் போன் செய்வதில்லை. அவர்களிடம் எனக்கு ரொம்பப் பிடித்த குணம் அது.

இந்த நாவல் வந்துதான் எல்லாம் கெட்டது.

எழுதியவர் பகலில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. இரவில் எழுத்தாளர். நாவல் முழுக்க ஒரே வாக்கியம். நடுவில் ஒரு இடத்தில்கூட முற்றுப்புள்ளி கிடையாது. அதனால் நானும் என் கணவரும் வீட்டுக்குள் அவரை முற்றுப்புள்ளி என்றுதான் சொல்வோம். நேரில் சார்.

கதை எளிமையானது. பல வருஷமாக அண்ணனோடு பேசாத ஒரு தம்பி, அண்ணன் வீட்டுப் படியேறுகிறான். ஒவ்வொரு படிக்கும் ஒரு ஞாபகம். மேலே போய்ச் சேர்ந்து, அழைப்பு மணியில் விரலை வைக்கிறான். நாவல் அங்கே நின்றுவிடுகிறது. கையெழுத்துப் பிரதியைப் படித்து முடித்த அன்று நான் அழுதேன். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தொல்லையை எல்லாம் நான் ஏன் இழுத்துப் போட்டுக்கொண்டேன் என்று உங்களுக்குப் புரியாது.

அப்படியே போட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். முற்றுப்புள்ளி ஒரு நிபந்தனை வைத்தார். கடைசி வரி கடைசிப் பக்கத்தின் கடைசி வரியாகவே வர வேண்டும். அதற்குப் பிறகு வெற்றுத் தாள் கூடாது, எங்கள் மற்றப் புத்தகங்களின் விளம்பரம் கூடாது. வாசகர் பக்கத்தைப் புரட்டினால் நேராகப் பின்னட்டை வர வேண்டும். புத்தகம் பதினாறு பக்கம் கொண்ட ஃபாரம் ஃபாரமாகத்தான் அச்சாகிறது. எந்த நாவலும் ஃபாரத்தின் கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில் வந்து தானாக நிற்காது. நான்கைந்து பக்கம் காலியாக இருக்கத்தான் செய்யும். அந்தக் காலியை ஒழிப்பதற்காக நானும் பக்கம் அமைக்கும் பெண்ணும் எழுத்தைப் பெரிதாக்கினோம், ஓரத்தைக் குறுக்கினோம், வரிகளுக்கு நடுவே இடம் விட்டோம், பிறகு விட்ட இடத்தைப் பிடுங்கினோம். முற்றுப்புள்ளி கையில் ஒரு ஸ்கேலோடு வந்து பின்னால் நின்றார். அந்தப் பெண் இப்போது என் போனை எடுப்பதில்லை.

அடுத்து பைண்டர். வேலையை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"அம்மா, கடைசி ஃபாரம் இன்னும் வரலை."

"எல்லாம் வந்திருச்சு. அவ்வளவுதான் புத்தகம்."

"இல்லம்மா, பாதியில நிக்குது. மெஷின்ல மாட்டியிருக்கும், தேடச் சொல்லுங்க."

நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அச்சகத்துக்கே ஆள் அனுப்பி, மெஷினுக்கு அடியில் குனிந்து தேடச் சொல்லியிருக்கிறார். கடைசியில் நானே நேரில் போய், கடைசிப் பக்கத்தின் மேல் கையை வைத்து, இதுதான் முடிவு என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "உங்க இஷ்டம். நாளைக்கு என் பைண்டிங் மேல பழி போடாதீங்க" என்றார்.

நான் போடவில்லை. ஊரே போட்டது. புத்தகத்தை வாங்கியவர்கள், கடைசி ஃபாரம் விட்டுப் போன பிரதி என்று கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் 'பைண்டிங் குறை' என்று ஸ்டிக்கர் ஒட்டி எனக்கு அனுப்பினார்கள். சோபாவில் மீதியிருந்த ஒரு இடத்துக்கும் ஆபத்து வந்தது. திருப்பிக் கொடுக்கத் தோன்றாதவர்கள் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் போட்டிருந்த எண்ணுக்குப் போன் செய்தார்கள். அது எங்கள் வீட்டு எண். என் நாத்தனார்கூடச் செய்தார்.

"ஏம்மா, தம்பி பொண்டாட்டி போட்ட புத்தகம்னு ஆசையா ஒண்ணு வாங்கினேன். எனக்குன்னு பாத்து கிழிஞ்சதைக் குடுத்துட்டான்."

"கிழியலை அண்ணி."

"நீ வேற ஒண்ணு எடுத்து வை. இது நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு."

இதுவரைக்கும் வெறும் எரிச்சல்தான். பயம் வந்தது கொள்முதல் மேலாளர் கூப்பிட்டு அனுப்பிய அன்றைக்கு. பல கிளைகள் உள்ள ஒரு புத்தகக் கடைக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்று முடிவு செய்கிறவர் அவர். அந்தக் கடையில் கண் மட்டத்தில் ஒரு தட்டு சிறிய பதிப்பகங்களுக்கு என்று இருக்கிறது. என் புத்தகங்கள் உலகத்துக்குள் போகிற ஒரே வாசல் அது. அது அடைபட்டால் நான் புத்தகம் போடலாம். என் சோபாவிலேயே அடுக்கி வைத்துக்கொள்ளலாம்.

அவர் மேசைமேல் நாவல் பிரதிகள் ஸ்டிக்கரோடு குவிந்திருந்தன.

"மேடம், எனக்கு இலக்கியம் தெரியாதுன்னு நினைக்காதீங்க. நானும் படிச்சேன். படிச்சுட்டு நானும் கடைசிப் பக்கத்தைத் தேடினேன். வேற பிரதியை எடுத்துப் பாத்தேன், அதுலயும் இல்லை."

"சார், அது ஒரு உத்தி."

"உத்தி உங்களுக்கு. எனக்கு இது ரிட்டர்ன். இன்னும் ஒரு மாசம் பாப்பேன். இதே மாதிரி திரும்பி வந்துட்டிருந்தா உங்க புத்தகம் எதையும் நாங்க வைக்க முடியாது. இதை மட்டும் இல்ல, எல்லாத்தையும்தான் சொல்றேன்." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "கடைசியில 'நாவல் இங்கே முடிகிறது'ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடுங்களேன். பிரச்சினை முடிஞ்சுது."

எனக்கு அது பெரிய தவறாகத் தோன்றவில்லை. முற்றுப்புள்ளியிடம் கேட்டேன்.

"அதாவது, அப்படி ஒரு வரி போட்டா நாவல் முடிஞ்சதா ஆயிடும்" என்றார். எதைச் சொல்வதற்கு முன்னும் இரண்டு தடவை தொண்டையைச் செருமி 'அதாவது' என்பது அவர் வழக்கம்.

"முடிஞ்சுதானே சார் இருக்கு?"

"முடியலை."

"பின்னே?"

"நிக்குது."

கடவுளே என்று இருந்தது. நிற்கிறதாம். என் பதிப்பகம்தான் கூடிய சீக்கிரம் நிற்கப் போகிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவருடைய அடுத்த நாவலும் எனக்கு வேண்டும். அந்த ஆசையும் ஒரு வியாதிதான்.

இந்த இடத்தில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்து விருப்ப ஓய்வில் வந்தவர். தண்ணீர் வரவில்லை, கலங்கலாக வருகிறது, நடுத்தெருவில் குழாய் உடைந்து ஆறாக ஓடுகிறது என்று திட்டுவதற்காகவே கூப்பிடுகிறவர்களிடம் பேசிப் பேசியே வாழ்நாளைக் கழித்தவர். வருஷக்கணக்கில் போனை வைத்து வைத்துக் காது மந்தமாகிவிட்டதால் இப்போது எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அவருக்கு ஒரே ஒரு கொள்கை. கூப்பிட்டவர் கோபத்தோடு போனை வைக்கக் கூடாது. நான் வாசகர்களோடு மல்லுக்கட்டுவதைப் பல நாள் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

ஒரு நாள் அச்சகத்துக்குப் போய்விட்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தேன். உள்ளே அவர் குரல் கேட்டது.

"அண்ணனேதாங்க கதவைத் திறக்கறார்... ஆமாங்க, முடியெல்லாம் நரைச்சுப் போச்சு... அடையாளம் தெரியாம இருக்குமா? தம்பிங்க!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். அதற்குள் அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "ரொம்ப நன்றிங்க, இப்பத்தான் மனசுக்கு நிம்மதியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தது.

"ஏங்க, என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"நாவல்ல இல்லாததை எப்படிச் சொல்லலாம்? முதல்ல நீங்க அதைப் படிச்சீங்களா?"

"பின்னே? படிக்காம எப்படிப் பதில் சொல்றது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் போட்ட புத்தகத்தில் அவர் முழுக்கப் படித்தது இது ஒன்றுதான்.

அதற்கு ஒரு முறையே வைத்திருந்தார் மனிதர். போன் செய்கிறவரிடம் முதலில் இரண்டு கேள்வி கேட்பாராம். அண்ணன் தம்பி உண்டா? பேச்சுவார்த்தை இருக்கிறதா? பதிலைப் பொறுத்து முடிவு. ஒற்றுமையாக இருக்கிறவர்களுக்குக் கதவு திறந்ததும் ஒரு பெரிய சண்டை, பிறகு சாப்பாடு. "நல்லா இருக்கறவங்களுக்கு ஒரு சண்டை வேணும்மா, இல்லன்னா நம்ப மாட்டாங்க" என்றார். அண்ணனைப் பறிகொடுத்தவர்களுக்குக் கதவு திறப்பதில்லை, உள்ளேயிருந்து 'யாரு?' என்று அண்ணனின் குரல் மட்டும் கேட்கிறது. பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்கு அண்ணி வந்து கதவைத் திறக்கிறார். அவர் கடைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார், உள்ளே வந்து உட்காருங்கள் என்கிறார். தம்பி உட்காருகிறான்.

"இது என்ன முடிவு? இவ்வளவு பெரிய நாவலுக்கு, சோபால கொண்டுபோய் உட்கார வைக்கறதா?"

"அவங்களுக்கு அது போதும். உள்ள போய் உட்கார்ந்துட்டா எழுந்து வர்றதுதான் கஷ்டம்."

இதை அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வாரம் கடையிலிருந்து பெட்டி எதுவும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதற்குப் பிறகு கொள்முதல் மேலாளரே கூப்பிட்டார். "என்ன மேடம் மந்திரம் போட்டீங்க? ஒரு ரிட்டர்ன் இல்லை. கேட்டு வந்து வாங்கறாங்க. இரண்டாம் பதிப்பு போடுங்க."  பேப்பருக்குப் பின்னால் மந்திரவாதி உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது எந்தப் புண்ணியவானுக்கோ வாசகர் சந்திப்பு வைக்கலாம் என்று தோன்றியது. அந்தக் கடையின் மேல்தளத்திலேயே வைத்தார்கள். முற்றுப்புள்ளி முதல் வரிசையில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில். முதலில் எழுந்த பெண்மணி நன்றாகத்தான் ஆரம்பித்தார்.

"எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த அண்ணிதான். ஒரே ஒரு இடத்துல வர்றாங்க. 'உள்ளே வந்து உட்காருங்க'ன்னு சொல்ற அந்த ஒரு வார்த்தையில முழுக் குடும்பமும் தெரியுது."

பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "அண்ணியா? அண்ணியே வரலையே. கதவைத் திறந்ததும் சண்டைதான் வருது."

"சண்டையெல்லாம் இல்லைங்க. நீங்க சரியாப் படிக்கலை."

"நான் படிக்கலையா? எனக்குப் பதிப்பகத்துலயே சொன்னாங்க!"

"எனக்கும் பதிப்பகத்துலதான் சொன்னாங்க!"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான மனிதர் எழுந்தார். "ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. கதவு திறக்கவே இல்லை. குரல் மட்டும்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முற்றுப்புள்ளி மெதுவாகக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தேன். தரைக்குள் புதைந்துபோக வழி இருந்தால் போயிருப்பேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்தார். மூன்று மாடி ஏறி வந்த கோபம் தனியாக, வந்த விஷயத்தின் கோபம் தனியாக. சோபாவில் காலியாக இருந்த ஒற்றை இடத்தில் உட்கார்ந்தார். என் கணவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, குற்றவாளி மாதிரி ஜன்னலோரம் போய் நின்றார்.

"அதாவது, ஒன்பது வருஷம் எழுதினேன். கடைசி வரியை எழுதாம இருக்கறதுக்கு மட்டும் மூணு வருஷம் ஆச்சு. அதை உங்க வீட்டுல போன்ல சொல்லிட்டிருக்கீங்க."

"சார், புத்தகம் திரும்பி வந்துட்டிருந்துச்சு. கடையில—"

"கடையைப் பத்தி எனக்குத் தெரியாது. இரண்டாம் பதிப்புல அந்த போன் நம்பர் இருக்கக் கூடாது. அதுவரைக்கும் யார் கேட்டாலும் நாவல் அங்கேயே நிக்குதுன்னு மட்டும்தான் சொல்லணும். ஒரு வார்த்தை கூடுதலாச் சொன்னீங்கன்னு தெரிஞ்சா இந்த நாவலையும் எடுத்துக்கறேன், அடுத்ததையும் தர மாட்டேன்." எழுந்தவர் நின்று கேட்டார். "எனக்கு முடிவு தெரியாதுன்னா நினைச்சீங்க?"

எரிச்சலில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "தெரியுமா சார்?"

 மீதித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து போனை நானே எடுத்தேன். நாவல் அங்கேயே நிற்கிறது என்று கிளிப்பிள்ளை மாதிரி சொன்னேன். அவர்கள் திட்டினார்கள். என் கணவர் பேப்பரை விரித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் கோபமாகப் போனை வைக்கும்போதும் தன் காலை யாரோ மிதித்தது மாதிரி முகத்தைச் சுளித்தார். அந்த வாரக் கடைசியில் கடையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய நாவல்கள். அதைத் தூக்கிக்கொண்டு வந்த ஆள், "எங்கம்மா வைக்கறது?" என்று கேட்டார். என் தலையில் என்று சொல்லியிருப்பேன். பாவம், அவர் என்ன செய்வார். சோபாவின் கடைசி இடத்தைக் காட்டினேன்.

ஆகவே நிலைமை இதுதான். முற்றுப்புள்ளி சொன்னபடி செய்தால் கடை போகும். கடை போனால் பதிப்பகம் போகும். செய்யாவிட்டால் நாவல் போகும்; நாவல் போனால் கடையில் வைப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது, அடிக்குறிப்பில் வாழும் கதாநாயகனா? இரண்டு பக்கமும் என்னைத்தான் இடித்தது. திங்கட்கிழமை இரண்டாம் பதிப்பின் ஃபைல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் கணினி முன்னால் உட்கார்ந்து இரண்டாம் பக்கத்தைத் திறந்து, எங்கள் போன் எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். அது நீலமாக நின்றது. அழிக்க வேண்டியதுதான் பாக்கி.

போன் அடித்தது. தெரியாத எண்.

அந்தப் பக்கம் யாரோ இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்கள். பிறகு, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு கரகரத்த குரல்.

"அதாவது, நான் ஒரு வாசகர் பேசறேன்."

எந்த வாசகரும் தன்னை வாசகர் என்று சொல்லிக்கொண்டு போன் செய்ததில்லை. எடுத்ததும் திட்டுவார்கள், அவ்வளவுதான். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. முற்றுப்புள்ளி தன் மருந்துக் கம்பெனியில் மாத்திரையை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து உடைத்துப் பார்ப்பார் இல்லையா, அந்த வேலையை என்னிடம் செய்கிறார். சொன்னபடி நடக்கிறேனா என்று சோதிக்கிறார்.

"சொல்லுங்க" என்றேன்.

"என் பிரதியில கடைசிப் பக்கம் இல்லை."

"எல்லாப் பக்கமும் இருக்குங்க. நாவல் அங்கேயே நிக்குது. ஆசிரியரோட விருப்பம்." ஒரு சொல் கூடுதலாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. போதுமா, திருப்தியா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

"சரி" என்றார்.

வைப்பார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"அதாவது... அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் இல்லைங்க."

"இல்லைன்னா எப்படி? மத்தவங்களுக்கெல்லாம் சொன்னீங்களாமே."

இதுவும் சோதனைதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்ப யாருக்கும் சொல்றதில்லை" என்றேன்.

கரகரப்பு போய்விட்டது. அவருடைய சொந்தக் குரலே வந்தது. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"எனக்கு மட்டும் சொல்லுங்களேன்."

 ஸ்கேலை வைத்துக்கொண்டு என் பின்னால் நின்ற மனிதர். பைண்டரிடம், மேலாளரிடம், நாத்தனாரிடம் என்று எல்லோரிடமும் என்னைப் பேச்சு வாங்க வைத்த மனிதர். நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இருந்தது. ஆனால் இவ்வளவு நாளில் எத்தனையோ பேர் என்னிடம் முடிவைக் கேட்டிருக்கிறார்கள். யாரும் இப்படிக் கேட்டதில்லை.  இது சோதனையாக இருந்தால் நாவல் கையை விட்டுப் போகும். போனால் போகட்டும்.

"இருங்க. சொல்றவர்கிட்ட குடுக்கறேன்."

என் கணவரிடம் போனை நீட்டினேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "பேசுங்க" என்று சைகை காட்டினேன். பேப்பரை மடித்து வைத்தார், ஸ்பீக்கரில் போட்டார், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"வணக்கம் சார். உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா?"

"ஒரு அண்ணன்."

"பேச்சுவார்த்தை இருக்கா?"

 "இல்லை."

"அண்ணன் வீடு தெரியுமா?"

"தெரியும். வாசல் வரைக்கும் போயிருக்கேன்." பிறகு, "ரெண்டு மூணு தடவை போயிருக்கேன்" என்றார்.

என் கணவர் அதை மேற்கொண்டு கிளறவில்லை. புகார்ப் பிரிவில் கற்றுக்கொண்ட நிதானம். "சரி சார், கதைக்கு வருவோம். தம்பி மணியை அடிக்கறான். கொஞ்ச நேரம் உள்ள சத்தமே இல்லை. திரும்பிப் போயிடலாமான்னுகூட நினைக்கறான். அப்ப செருப்புச் சத்தம் கேக்குது. அண்ணி வந்து கதவைத் திறக்கறாங்க."

"அண்ணியா?"

"ஆமா சார். அண்ணிதான்."

"என்ன சொல்றாங்க?"

"'அவர் கடைக்குப் போயிருக்கார், இப்ப வந்துருவார், உள்ள வந்து உட்காருங்க'ங்கறாங்க."

"உட்கார்ந்தானா?"

"உட்கார்ந்தான்."

"அண்ணன் வந்தாரா?"

"அது எனக்குத் தெரியாது சார். உட்கார்ந்த வரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கத்திலிருந்து "நல்லது" என்று ஒரு வார்த்தை. வைத்துவிட்டார்.

"கோபமா வைக்கலை" என்றார் என் கணவர். முகம் மலர்ந்திருந்தது. பேசியது யார் என்று அவருக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. கணினியில் போன் எண் இன்னும் நீலமாகவே நின்றுகொண்டிருந்தது. அதை அழிக்கவும் கை வரவில்லை, விடவும் தைரியம் வரவில்லை. அப்படியே மூடி வைத்தேன்.

மறுநாள் காலையில் முற்றுப்புள்ளி தன் சொந்த எண்ணிலிருந்தே கூப்பிட்டார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி குரல் எதிரொலித்தது.

"அதாவது, அந்த போன் நம்பரை எடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லை சார். இப்பத்தான் எடுக்கலாம்னு—"

"எடுக்காதீங்க. இருக்கட்டும். கேக்கறவங்களுக்கு உங்க வீட்டுக்காரரே சொல்லட்டும்."

அப்பாடா என்று சோபாவில் சாயப் போனேன். சாய இடமில்லை. பதிப்பகம் பிழைத்துவிட்டது. கடை பிழைத்துவிட்டது. அந்த நிம்மதி வந்த கையோடு பழைய ஆத்திரமும் வந்தது. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

"சார், ஒரு வாரமா என் உயிரை வாங்கிட்டு இப்ப வந்து இருக்கட்டும்னா என்ன அர்த்தம்? முதல்ல நீங்க எங்கிருந்து பேசறீங்க? ஒண்ணுமே சரியாக் கேக்கலை."

"படியில நிக்கறேன்."

"எந்தப் படியில?"

"அப்புறம் பேசறேன். நான் இப்ப மணியை"

தொடர்பு அறுந்தது.

"ஹலோ? சார்? ஹலோ!"

திரும்பக் கூப்பிட்டேன். அணைத்து வைத்திருந்தார். இன்னொரு தடவை கூப்பிட்டேன். மறுபடியும் அதே. மணியை? மணியை என்ன செய்தார்? அடித்தாரா, விரலை வைத்தபடியே நிற்கிறாரா, இறங்கி வந்துவிட்டாரா? இப்படி ஒருத்தரை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போனை அணைக்க ஒரு மனிதருக்கு எப்படி மனசு வரும்? இவ்வளவு நாள் எனக்குப் போன் செய்து திட்டிய அத்தனை பேரும் எவ்வளவு நல்லவர்கள், எவ்வளவு பொறுமைசாலிகள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போனைத் தூக்கிப் பெட்டிமேல் போட்டேன்.

"ஏங்க!"

என் கணவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

"மணியை அடிச்சாரா இல்லையான்னு தெரியலை. யார் கதவைத் திறந்தாங்கன்னு தெரியலை. எனக்குப் பைத்தியமே பிடிச்சுரும்போல இருக்கு. அப்புறம் என்ன ஆச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

அவர் யார் என்று கேட்கவில்லை, எந்த மணி என்று கேட்கவில்லை. எழுந்து வந்து, ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியைச் சோபாவிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

"சொல்றேன்" என்றார். "முதல்ல நீ உட்காரு."